கொழுமை

சுவை ஆறு என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன அவை. கரும்பில் இனிப்பும், புளியம்பழத்தில் புளிப்பும், உப்பில் உவர்ப்பும், மிளகில் கார்ப்பும், வேம்பில் கைப்பும், கடுக்காயில் துவர்ப்பும் உண்டு. இவற்றை அறியாத மாணவர் இலர்.

ஆயினும், இக்கணக்கில் அடங்காத ஒரு சுவையை நாம் அடிக்கடி உண்டு மகிழ்கின்றோம். நெய் பெய்து குழைய வேவித்த வெண்பொங்கலின் சுவை யாது? முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்த முதற்பாலின் சுவை யாது? கழியிலே பிடித்த பெரிய நண்டின் ஓட்டினுள் திரண்டு கிடக்கும் தசையை உண்டவர், அதன் சுவையை எப்பெயரால் குறிப்பர்? அதில் சிறிது இனிப்பு உண்டு. சிறிது உவர்ப்பும் உண்டு. எனினும் இவ்விரண்டையும் கூறிவிட்டால் அச்சுவையைக் கூறியதாகாது. வாய் நிறைந்து நின்று, விழுங்கிய பின்னும் நாவைவிட்டு எளிதில் நீங்காத ஒரு நிறைவு அதில் இருக்கின்றது. அந்நிறைவைக் குறிக்கத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. அதுவே கொழுமை.

கொழுமை என்னும் சொல்லுக்குச் செழிப்பு, வளம், கொழுப்பு, அழகு எனப் பல பொருள்கள் வழங்குகின்றன. நாவால் அறியும் சுவைக்கும் நிலத்தின் வளத்திற்கும் ஒரே சொல் ஏன் அமைந்தது என்பது சிந்தித்தற்குரியது. உழவர் தம் வயலை நோக்கி, மண் கொழுமையுடையது என்பர். அம்மண்ணில் வளர்ந்த பயிரை, நன்கு கொழுத்து வளர்ந்திருக்கின்றது என்பர். அப்பயிரின் தாளை மேய்ந்த ஆடு கொழுக்கின்றது. அவ்வாட்டின் ஊன் கொழுமையான உணவாகின்றது. மண்ணில் தொடங்கி நாவில் முடியும் இந்நெடுவழி முழுவதற்கும் ஒரே சொல்லே துணையாக வருகின்றது. ஆகவே, கொழுமை என்று நாம் ஓர் உணவைப் புகழும்போது, அவ்வுணவை மட்டும் புகழ்வதில்லை; அதனை ஈன்ற நிலத்தையும் நீரையும் சேர்த்தே புகழ்கின்றோம். இனிப்பு என்ற சொல்லுக்கோ புளிப்பு என்ற சொல்லுக்கோ இத்தகைய விரிவு இல்லை.

இனி, இச்சொல்லின் வடிவங்களைக் காண்போம். கொழுமை என்பது பண்புப்பெயர். அது மற்றொரு பெயரொடு சேரும்போது தன் ஈற்றிலுள்ள 'மை' என்பதனை இழந்து நிற்கும். கொழுமை, மீன் என்னும் இரண்டும் சேரக் கொழுமீன் என்றாகும். இது ஈறுபோதல். வல்லெழுத்து வருமாயின், ஈறு போனபின் அவ்வெழுத்திற்கு இனமான மெல்லெழுத்து இடையே தோன்றும். கொழுமை, சோறு என்பன கொழுஞ்சோறு என்றும், கொழுமை, குறை என்பன கொழுங்குறை என்றும் ஆவது அதனால். இது இனமிகல் எனப்படும். கருமை, குயில் என்பன சேர்ந்து கருங்குயில் என்றாவதை இதனொடு ஒப்பிட்டு நோக்குக. ஈண்டுக் குறை என்பது குற்றம் என்று பொருள்படாது. அறுத்த ஊன்துண்டத்தைக் குறிக்கும். கொழு என்பதே வினையாகி வருங்கால் கொழுத்தது, கொழுக்கின்றது, கொழுக்கும் என முக்காலமும் காட்டும். கொழுத்த என்பது அதன் பெயரெச்சம். கொழுத்தல், கொழுப்பு என்பன அதன் தொழிற்பெயர்கள்.

ஒலியால் ஒத்த வேறொரு கொழு தமிழில் உண்டு. அது கலப்பையின் நுனியில் பொருத்தப்படும் இரும்பைக் குறிக்கும். நிலத்தைக் கீறிச் செல்வது அதுவே. இவ்விரு கொழுக்களும் ஒரே பாட்டில் அருகருகே நின்று அழகு செய்வதைப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையிற் காணலாம். அதனைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பாடப்பெற்றவன் சோழன் கரிகாலன். பசித்து வந்த பொருநனைக் கரிகாலன் பல நாள் தன்பால் நிறுத்திக் கொழுமையான ஊன்துண்டங்களை உண்பிக்கின்றான். உண்டு உண்டு தன் பற்கள் மழுங்கிய தன்மையைப் பொருநன் கூறவருகின்றான். கொல்லை நிலத்தை உழுது உழுது தேய்ந்த ஏரின் கொழுவை அவன் அதற்கு உவமை காட்டுகின்றான். உணவின் கொழுமையைக் கூறவந்த இடத்தில் உழவின் கொழுவும் வந்து நிற்பது நம் சிந்தனைக்கு விருந்தன்றோ? விருந்தளித்த அரசனது வளத்திற்கு அடியில் உழவனது இரும்பு தேய்ந்தமையை அவ்வுவமை நமக்கு நினைவூட்டுகின்றது.

சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களில் கொழுமீன் என்னும் தொடர் பயின்று வருகின்றது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அங்கு வாழ்ந்த பரதவரது உணவையும் செல்வத்தையும் சுட்ட, புலவர்க்கு இச்சொல்லே ஏற்றதாயிற்று. மீன் எல்லாம் கொழுமீன் ஆகா. காலமும் இடமும் வாய்த்தபோதே மீன் கொழுமீன் ஆகின்றது. இதனை நூலிற் கற்றார் சிலர். தொழிலிற் கற்றார் பலர். அவ்வாறு தொழிலிற் கற்றோர் வாழும் ஓர் ஊரை இனி நோக்குவோம்.

சென்னை மாநகரின் வடபகுதியில், இராயபுரத்தினின்றும் திருவொற்றியூர் வழியாகக் கடலை ஒட்டி வடக்கே செல்வோர் எண்ணூரை அடைவர். கொசத்தலை ஆறு அங்கே வங்கக் கடலொடு கலக்கின்றது. பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் இவ்வாறு, கடலை அணுகும்போது பரந்து கழியாகின்றது. பக்கிங்காம் கால்வாயும் இதனொடு கலக்கின்றது. இம்முகத்துவாரத்தை அடுத்துள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று நெட்டுக்குப்பம். தாழங்குப்பம், முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம் முதலியன அதன் அண்டை ஊர்கள். மீனவர் வாழும் சிற்றூரைக் குப்பம் என்பது இக்கரையின் வழக்கு. ஒரு புறம் அலைகடலும், மற்றொரு புறம் அமைந்த கழியும் இருத்தலின், இவ்வூரார்க்கு இரு வயல்கள் உண்டு எனலாம். கடலில் மீனும், கழியில் இறால், நண்டு, மடவை, கிழங்கான் முதலியனவும் அவர்க்கு விளைவுகள்.

நண்டு வாங்குவோர் அதன் அளவை நோக்கி மயங்குதல் இயல்பு. தொழில் அறிந்தவரோ அதனைக் கையில் தூக்கிப் பார்ப்பர். அளவுக்கு மேற்பட்ட எடை இருப்பின் அது கொழுத்த நண்டு. பெரிதாகத் தோன்றியும் எடை குன்றியிருப்பின் அது நீர் கொண்ட நண்டு. இவ்வேறுபாடு ஏன் உண்டாகின்றது? நண்டின் ஓடு அதனொடு வளர்வதன்று. ஆதலின் நண்டு வளருங்கால் பழைய ஓட்டைக் கழற்றி எறிகின்றது. புதிய ஓடு இறுகுமுன் நீரை உட்கொண்டு தன் உடலைப் பெருக்கிக்கொள்கின்றது. அந்நாளில் ஓட்டினுள் இருப்பது பெரும்பாலும் நீரே. பின்பு அது இரை தேடி உண்டு, அந்நீர் இருந்த இடத்தைத் தசையால் நிரப்பிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அக்காலத்தில் நல்லிரை கிடைத்தால் நண்டு கொழுக்கும், கிடையாவிடில் மெலியும். கொழுமை என்பது உண்ட உணவின் கணக்கு என்பது இதனால் விளங்கும்.

கழியில் நல்லிரை மிகுதற்குக் காரணம் உண்டு. ஆறு மேட்டு நிலத்தின் வண்டலைக் கொண்டுவந்து கழியில் இடுகின்றது. கடல் நாள்தோறும் ஏற்றத்தால் உள்ளே புகுந்து, இறக்கத்தால் வெளியேறுகின்றது. அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலைகள் சேற்றில் மக்குகின்றன. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அவ்விடத்தில் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களும் புழுக்களும் பெருகுகின்றன. அவற்றை உண்ண இறாற் குஞ்சுகள் வருகின்றன. இறால் கடலிற் பிறக்கின்றது. மிகச் சிறிய குஞ்சாக இருக்கும்போதே ஏற்ற நீரொடு கழியினுட் புகுகின்றது. அங்கு உண்டு வளர்ந்து, முதிர்ந்தபின் இனம் பெருக்கக் கடலுக்குத் திரும்புகின்றது. ஆகவே, கழி கடலின் தொட்டில் எனலாம். கழி கெடுமாயின், அக்கழியில் வளர வேண்டிய இறால் கடலிலும் இராது.

இனி, இக்கொழுமையின் சுவைக்கு அறிவியல் காட்டும் காரணங்களையும் அறிவோம். முதலாவது, கொழுப்பு. உணவுக்கு மணம் தரும் பொருள்கள் பல நீரிற் கரைவதில்லை, கொழுப்பிலேயே கரைகின்றன. கொழுப்புள்ள உணவு நாவின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, அம்மணத்தை மெல்ல மெல்ல வெளியிடுகின்றது. சுவை வாயில் நீட்டித்து நிற்பதற்கு இது காரணம். மத்தி போன்ற மீன்களில் கொழுப்பின் அளவு ஆண்டு முழுதும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. இரை மிகும் பருவத்தில் அது ஏறும், முட்டையிட்டபின் இறங்கும். ஒரே மீன் ஒரு திங்களில் சுவைத்தும் மற்றொரு திங்களில் சுவை குன்றியும் இருப்பது இதனாலேயே.

இரண்டாவது, தசையிலுள்ள அமினோ அமிலங்கள். உவர்நீரில் வாழும் உயிர்களுக்கு ஓர் இடர் உண்டு. சூழ்ந்துள்ள உப்பு, அவற்றின் உடலிலுள்ள நீரை வெளியே இழுக்க முயல்கின்றது. இதனைத் தடுக்க இறாலும் நண்டும் கிளைசின் முதலிய அமினோ அமிலங்களைத் தம் தசையிலே மிகுதியாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கிளைசின் இனிப்புச் சுவையுடையது. உப்பு நீரிற் பிறந்த உணவு ஏன் இனிக்கின்றது என்னும் புதிருக்கு இது விடையாகும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டவர் சப்பான் நாட்டு அறிஞர் கிக்குனே இக்கேடா. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியற் பேராசிரியராக விளங்கிய அவர், கொம்பு என்று அந்நாட்டார் அழைக்கும் கடற்பாசியை வேவித்த சாற்றில் ஒரு தனிச்சுவை இருப்பதை உணர்ந்தார். அஃது இனிப்பன்று, புளிப்பன்று, உவர்ப்பன்று, கைப்பன்று என்று தெளிந்து ஆராய்ந்தார். குளூட்டாமிக் அமிலத்தினின்று அச்சுவை பிறக்கின்றது என்று 1908-ஆம் ஆண்டில் கண்டறிந்து, அதற்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-ஆம் ஆண்டில் அவர்தம் மாணவர் சிண்டாரோ கொடாமா, உலர்த்திய சூரை மீனில் இச்சுவைக்குக் காரணமாகும் மற்றொரு பொருளைக் கண்டார். சூரை மீனை வேவித்து உலர்த்திய மாசியை ஒரு சிறிது குழம்பிலிட்டால் குழம்பு முழுதும் சுவைபெறும் என்பதை இலங்கைத் தமிழரும் தென்கரைத் தமிழரும் நெடுங்காலமாக அறிவர். உமாமியைத் தனியே உணரும் உறுப்புகள் நாவில் உள்ளன என்பதை இந்த 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலார் உறுதி செய்தனர்.

உமாமியும் கொழுமையும் ஒன்றே எனக் கருதிவிடல் ஆகாது. உமாமி ஒரு தனிச்சுவையின் பெயர். கொழுமையோ, அச்சுவையும், கொழுப்பின் நிறைவும், தசையின் திரட்சியும், அவற்றைத் தந்த வளமும் ஒருங்கே அமைந்த நிலையின் பெயர். அறிவியல் பிரித்துக் காட்டும் பலவற்றைத் தமிழ்ச்சொல் தொகுத்துக் காட்டுகின்றது. பிரித்தறிதலும் வேண்டும், தொகுத்தறிதலும் வேண்டும்.

இத்துணைச் சிறந்த சொல், காலப்போக்கில் வேறொரு பொருளையும் பெற்றது. இக்காலத்தில் ஒருவனை நோக்கி, "உனக்குக் கொழுப்பு மிகுதி" என்றால் அவன் மகிழ்வதில்லை, சினங்கொள்கின்றான். செருக்கு என்னும் பொருளில் அச்சொல் வழங்குவதே காரணம். கன்னடத்தில் கொப்பு என்றும், தெலுங்கில் கொவ்வு என்றும் இச்சொல்லின் உறவுச் சொற்கள் வழங்குகின்றன. அம்மொழிகளிலும் அவை உடற்கொழுப்பையும் செருக்கையும் ஒருங்கே குறிக்கின்றன. வயிறு நிறைந்தவன் பிறரை மதியான் என்னும் பட்டறிவு இம்மொழி பேசுவோர் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது போலும்.

"நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்பது நாடறிந்த பழமொழி. செல்வம் மிக்கவன் அடங்கி இரான் என்று கடிந்து கூறவே இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் நண்டின் வாழ்வை அறிந்தவர்க்கு இப்பழமொழி வேறொன்றும் கூறும். கழியில் வாழும் பெண் நண்டு முதிர்ச்சி அடைந்தபின், முட்டையிடுவதற்காகக் கழியை விட்டுக் கடலை நோக்கிச் செல்கின்றது. அது வளையில் தங்காமை செருக்கினால் அன்று. தன் இனத்தைப் பெருக்கும் கடமையினால் ஆகும். கொழுத்தது தங்காமல் வெளியேறினால்தான் அடுத்த ஆண்டும் கழியில் நண்டு இருக்கும். வசையாக வழங்கும் பழமொழிக்குள்ளே இயற்கையின் நியதி ஒன்று அடங்கியிருப்பதைக் காண்க.

கொழுத்த என்னும் எச்சத்திற்கும் புதிய நட்பு ஒன்று வாய்த்திருக்கின்றது. கொழுத்த இலாபம், கொழுத்த வருவாய், கொழுத்த வேட்டை என்று செய்தித்தாள்களில் நாள்தோறும் படிக்கின்றோம். இவ்வழக்குகளில் புகழ்ச்சி இல்லை. உழைப்புக்கு மிஞ்சிய ஊதியம், பிறர் மெலிய ஒருவர் பெற்ற பயன் என்னும் குறிப்பே அவற்றில் தொனிக்கின்றது. பண்டு, பலரும் உண்ணக் கிடைத்த வளத்தைக் குறித்த சொல், இன்று ஒருவரே கொண்ட மிகுதியைக் குறிக்கின்றது. ஒரு சொல்லின் பொருள் திரிந்தால், அம்மக்களின் வாழ்விலும் ஏதோ ஒன்று திரிந்திருத்தல் கூடும்.

நெட்டுக்குப்பத்திற்கு மீண்டும் வருவோம். இச்சொல்லின் இரு பொருள்களும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடம் அது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ஆம் ஆண்டு தொடங்கி 2017-ஆம் ஆண்டு வரை இயங்கியது. கழிக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பெற்றது. அதுவே இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகின்றது. தெற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் பிற ஆலைகளும் உள்ளன. இவற்றால் நாட்டிற்கு உண்டாகிய நன்மையை மறுத்தல் இயலாது. நாம் படிக்க ஒளி தரும் விளக்கும், பயணம் செய்யும் ஊர்தியும் இத்தகைய நிலையங்களின் துணையின்றி இயங்கா.

ஆனால், அந்நன்மைக்குரிய விலையைக் கழி கொடுத்தது. நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுசெல்வர். அக்குழாய்கள் பழுதுற்ற இடங்களில் சாம்பல் கசிந்து கழியிற் படிந்தது. சில இடங்களில் கழி தூர்ந்து ஆழம் குறைந்தது. இயந்திரங்களைக் குளிர்வித்து வெளிவரும் வெந்நீரும் கழியிற் கலந்தது. 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள், துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டமையால் எண்ணெய் கடலிற் பரவிக் கரையில் ஒதுங்கிற்று. மக்கள் அதனை வாளிகளால் அள்ளி அகற்றினர். 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையில், மணலித் தொழிற்பகுதியினின்றும் எண்ணெய் வெள்ளத்தொடு கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியை அடைந்தது. நெட்டுக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் படகுகளும் வலைகளும் எண்ணெயிற் தோய்ந்தன. மீனவர் பல நாள் தொழிலுக்குச் செல்ல இயலவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானே முன்வந்து விசாரித்தது.

சேற்றின்மேல் சாம்பல் படிந்தால் சேற்றிலுள்ள புழுக்கள் அழியும். புழுக்கள் அழிந்தால் நண்டுக்கும் இறாலுக்கும் இரை இல்லை. இரை இல்லையாயின் ஓட்டைக் கழற்றிய நண்டு நீர் நண்டாகவே நின்றுவிடும். கொழுப்பிலே மணம் தங்கும் என்று முன்னர்க் கூறினோம். எண்ணெயின் நாற்றமும் அவ்வாறே கொழுப்பிலே தங்கும். ஆதலின், எண்ணெய் பரவிய நீரில் முதலிற் கெடுவது மீனின் கொழுமையே ஆகும். நீரின் தூய்மையை ஆராய்ச்சிக்கூடங்கள் கருவிகளால் அளக்கின்றன. நெட்டுக்குப்பத்துத் தாய்மாரோ அதனைக் கறிச்சட்டியில் அளந்தறிவர். கொழுமை குன்றிய மீன், கழி நோயுற்றது என்பதற்குச் சான்று.

ஈண்டு நாம் எண்ண வேண்டுவது ஒன்று உண்டு. கொழுமீன் என்னும் சொல் சங்கப் பாட்டில் என்றும் இருக்கும். ஏட்டை எவரும் அழிக்கப் போவதில்லை. ஆனால் அச்சொல்லை வாயாற் கூறிக் கையாற் காட்டத்தக்க மீன் கழியில் இல்லையாயின், சொல் உரையாசிரியர் விளக்கத்தில் மட்டும் உயிர்வாழும். அப்போது தமிழிற் கொழுமை என்பதற்கு எஞ்சி நிற்பவை செருக்கும், கொழுத்த இலாபமும் ஆகிய இரு பொருள்களே. சுவைப் பொருள் நீங்கி வசைப் பொருள் மட்டும் நிற்பது ஒரு மொழிக்கு இழப்பு. ஓர் ஊருக்கு அதனினும் பேரிழப்பு.

மாணவர்களே! சொல்லைக் காத்தல் என்பது அகராதியிற் பொருள் தேடி மனப்பாடம் செய்வதோடு அமையாது. இச்சொல்லை எழுத்திலும் பேச்சிலும் இடமறிந்து வழங்குங்கள். சருக்கரையைக் கொழுமையானது என்னற்க, அஃது இனிமையானது. மோரைக் கொழுமையானது என்னற்க. வெண்ணெய் நீக்காத தயிரை அவ்வாறு கூறலாம். நிறைவும் வளமும் இருக்குமிடத்தில் கொழுமை என்க. பிறரை இகழ்வதற்கு இச்சொல்லைக் கையாளுமுன், அது ஒரு காலத்தில் விருந்தோம்பலின் சொல்லாக இருந்தது என்பதை நினைமின். கொழுத்த இலாபம் என்று படிக்கும்போது, அதற்காக மெலிந்தது யாது என்றும் வினவுமின்.

ஆறு கடலொடு கலக்கும் இடந்தோறும் ஒரு நெட்டுக்குப்பம் இருக்கின்றது. அங்கே நீர் தூயதாய் ஓட, சேற்றில் உயிர்கள் பெருக, நண்டு கொழுத்து வளையைவிட்டுக் கடலுக்குச் செல்ல, இறாற் குஞ்சு கடலினின்று கழிக்கு வர வழி இருக்குமாயின், கொழுமை என்னும் சொல்லுக்கு நாம் உரை எழுத வேண்டுவதில்லை. மீன் விற்கும் அன்னையே அதற்கு உரை கூறுவார்.

பயிற்சி

1. கொழுமை அறுசுவையுள் அடங்காது என்று ஆசிரியர் கூறுவது எவ்வாறு?
2. கொழுத்த நண்டுக்கும் நீர் கொண்ட நண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் விளக்குக.
3. உமாமி, கொழுமை என்னும் இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்னும் பழமொழிக்கு வழங்கும் பொருளையும், இப்பாடம் காட்டும் பொருளையும் ஒப்பிட்டு எழுதுக.
5. கொழுமீன், கொழுஞ்சோறு, கருங்குயில் என்பவற்றைப் பிரித்துப் புணர்ச்சி கூறுக.
6. உங்கள் ஊரில் விளையும் உணவுப் பொருள் ஒன்றன் சுவை, அவ்வூரின் மண்ணையும் நீரையும் எவ்வாறு சார்ந்திருக்கின்றது? பெரியோரைக் கேட்டு அறிந்து ஒரு கட்டுரை எழுதுக.